பிளாரன்ஸ் வாசலில் நாற்பது யூரோ

பிளாரன்ஸ் நகரைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் இருந்தது. 1284ல் தொடங்கி 1333ல் கட்டி முடித்தார்கள். 1865 முதல் 1871 வரை இத்தாலியின் தலைநகராக இருந்த மிதப்பில், ஆர்னோ நதிக்கு வடக்கே இருந்த சுவரை இடித்துவிட்டு அகலமான சாலைகள் போட்டார்கள். நதிக்குத் தெற்கே மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சுவர் போனாலும் காவல் போகவில்லை. அன்று வாசலில் ஆள் நின்று உள்ளே வரும் சரக்குக்கு வரி வாங்கினான். இன்று கம்பத்தில் கேமரா நிற்கிறது.

2022 அக்டோபரில் அந்தக் கேமராவின் கீழே நான் இரண்டு முறை போனேன். மொழிபெயர்ப்பாளர்கள் கூட்டம் ஒன்றுக்காக இத்தாலி போனவன், மனைவியோடு டஸ்கனியின் மலையூர்களைப் பார்க்க வாடகைக் கார் எடுத்தேன். தில்லியில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்கிய சர்வதேச பெர்மிட் பையில் இருந்தது. சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்ற ஒன்றே மூளை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. சான் ஜிமிஞ்ஞானோவின் கல் கோபுரங்களைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை பிளாரன்ஸ் வந்தோம். முன்னே போன சரக்கு வேனைப் பின்தொடர்ந்து ஒரு சந்தில் நுழைந்தேன். தவறு என்று தெரிந்து வெளியே வந்தேன். சுற்றிக்கொண்டு வந்து அதே சந்தில் மறுபடி நுழைந்தேன்.

வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம், அதன் கீழே நேரங்கள். அதற்குப் பின்னால் இருப்பது போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி. உள்ளே வீடு உள்ளவர்களும் அனுமதி பெற்றவர்களும்தான் வண்டியோடு போகலாம். உள்ளே தங்குகிறவர்களின் வண்டி எண்ணை ஓட்டல்காரர்கள் பதிவு செய்வார்கள். நாங்கள் தங்கியதோ சுவருக்கு வெளியே. சில இத்தாலிய நகரங்களில் மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எரியும். வாசல் திறந்திருக்கிறது என்று நினைத்து வெளிநாட்டார் உள்ளே போய்விடுகிறார்கள். கேமரா விழித்திருக்கிறது, போகாதே என்பதுதான் அதன் பொருள். தவறாக மொழிபெயர்த்து மாட்டிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளும் கௌரவம்கூட எனக்கு இல்லை. நான் பலகையையே பார்க்கவில்லை.

2023 பிப்ரவரியில் கிரெடிட் கார்டு கணக்கில் இரண்டு பற்றுகள், ஒவ்வொன்றும் 40 யூரோ. எடுத்தது கார் நிறுவனம். இது அபராதம் அல்ல. காரை ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டதற்கு என் பெயரையும் விலாசத்தையும் சொன்னதற்கான 'நிர்வாகக் கட்டணம்'. அபராதம் தனியே வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. ஏப்ரலில் பதிவுத் தபாலில் இரண்டு அபராதங்களும் வந்தன. தப்பு என்னுடையது, இரண்டையும் கட்டினேன்.

கட்டணம்தான் தொண்டையில் இறங்கவில்லை. என் விலாசத்தை ஒரு முறை சொல்ல 40 யூரோ என்றால், மறுமுறை சொல்ல இன்னொரு 40 எதற்கு? அன்றைய மதிப்பில் 3,560 ரூபாய். எனக்கு அது ஒரு முழு நாள் மொழிபெயர்ப்பின் கூலி.

நிறுவனத்துக்கு எழுதினேன். ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதியைச் சுட்டிக்காட்டி, 'ஒவ்வொரு விதிமீறலுக்கும்' கட்டணம் உண்டு என்று பதில் வந்தது. இரண்டு மீறல், இரண்டு கட்டணம். கணக்கு சரிதான். ஆனால் அதே ஒப்பந்தத்தின் கடைசியில், இரு மொழிப் பிரதிகளும் வேறுபட்டால் இத்தாலியப் பிரதியே செல்லும் என்று பொடி எழுத்தில் இருந்தது. எந்த மொழிபெயர்ப்பாளனும் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டான். அகராதியோடு உட்கார்ந்தேன். இத்தாலியப் பிரதியில் மீறல் என்ற சொல்லே அந்த இடத்தில் இல்லை. 'பிராத்திகா' என்றிருந்தது. கோப்பு அல்லது அலுவலக நடவடிக்கை என்று பொருள். போலீஸ் அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். ஒரே கடிதம், ஒரே எண். உள்ளே இரண்டு நேரங்கள்: 10.42, 10.53. மீறல் இரண்டு, கோப்பு ஒன்று.

மூன்று கடிதங்களுக்குப் பதிலே இல்லை. "நாற்பது யூரோவுக்கு நாலு மாசமா? இந்த நேரத்துல ஒரு புஸ்தகமே முடிச்சிருப்பீங்க" என்றாள் மனைவி. முடித்திருக்கலாம்தான். ஆனால் யாரோ ஒருவர் அந்தப் பிரிவை அவசரத்தில் ஆங்கிலப்படுத்தியிருக்கிறார். அந்த ஒரு சொல்லால் என்னைப் போல எத்தனை பேர் கணக்கில் இரண்டாவது கட்டணம் ஏறியிருக்குமோ. முதல் கட்டணத்தை நான் எதிர்க்கவில்லை என்பதையும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன். இல்லையென்றால் தப்பை மறைக்கப் பார்க்கிறான் என்பார்கள்.

நான்காவது கடிதத்தில் ஐரோப்பியச் சமூகத்தின் 1993ஆம் ஆண்டு ஆணையைச் சேர்த்தேன். நுகர்வோர் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவின் பொருள் ஐயத்துக்கு இடமாக இருந்தால், நுகர்வோருக்குச் சாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என்கிறது அது. வங்கிக்கும் ஒரு நகல் போனது.

வாசலில் பணம் வாங்குவது உலகத்துக்குப் பழசு. அதைக் கைவிட்டதற்காகவே நம்மூரில் முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம் கிடைத்தது. பிளாரன்ஸில் அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருக்க முடியாது. ஜூன் மாதம், விளக்கமோ வருத்தமோ இல்லாமல், 40 யூரோ கார்டுக்குத் திரும்பி வந்தது.

முழுதாக வரவில்லை. பணத்தை எடுத்தபோது வங்கி அந்நியச் செலாவணிக்கென்று மூன்றரை சதவீதமும், அதன்மேல் பதினெட்டு சதவீத வரியும் பிடித்திருந்தது. மொத்தம் 147 ரூபாய். எடுத்ததே தவறு என்று ஆன பிறகு அதற்கு ஏன் கட்டணம் என்று கிளையில் கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.