வாட்டம் பார்க்கிறவர்கள்

குற்றாலத்துச் சாரல் ஜூன் மாதத்தில் ஆரம்பிக்கும். குழாய் வேலை பார்க்கிறவர்களுக்கு மே மாதமே சீசன்தான். பேரருவியிலிருந்து ஐந்தருவி போகும் வழியெங்கும் லாட்ஜ்களில் அறைக் கதவுகளைத் திறந்துபோட்டு வெள்ளையடிக்கிறார்கள். அந்த வாசனைக்கு நடுவே, குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் வடியும் நாணி ட்ராப்பின் சல்லடையைக் கழற்றுகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை. மேலகரத்துக்காரரான ஒரு பிளம்பரோடும், ஐடிஐ முடித்துவிட்டு அவரிடம் வேலை பழகும் பையனோடும் இந்தக் கோடையில் சுற்றினேன். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

கேமரா பையனுடையது. சுண்டுவிரலை விட மெலிந்த தலை, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக எல்இடி விளக்குகள், பின்னால் பத்து மீட்டர் ஒயர். ஒயரின் மறுமுனையைச் செல்போனில் செருகினால் திரையில் படம் வந்துவிடும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கியிருக்கிறான். நீளமான லைன் என்றால் பெரிய கருவியை வாடகைக்கு எடுப்பார்களாம். அதில் விறைப்பான கண்ணாடியிழைக் கம்பி, எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்று காட்டும் கணக்கு எல்லாம் உண்டு. விலை லட்சத்தைத் தொடும். சின்னக் கேமராவின் ஒயர் தொளதொளவென்று இருப்பதால் குழாய்க்குள் போனதும் சுருண்டு நின்றுவிடும். அதனால் எலக்ட்ரீஷியன்கள் சுவர்க்குழாயில் ஒயர் இழுக்கப் பயன்படுத்தும் ஸ்பிரிங்கோடு அதைச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறான். அடிக்கு ஒரு சிவப்பு டேப், ஐந்தடிக்கு ஒரு மஞ்சள் டேப். லென்ஸில் ஆவி படியாமலிருக்க ஒரு துளி பாத்திர சோப்பைத் தேய்த்துத் துடைக்கிறான். வெள்ளைப் பிவிசி குழாய் கண்ணைக் கூசும் என்று விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கிறான். இதையெல்லாம் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

முதலில் பார்த்த லாட்ஜில் கீழ்த்தள அறை ஒன்றில் தண்ணீர் இறங்கவில்லை. கேமராவை எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பிளம்பர் எடுத்தது பழைய அடைப்பு ஸ்பிரிங்கைத்தான். “குழாய் நிறையக் கலங்கல் தண்ணி நிக்கும்போது உள்ளே விட்டா காப்பி கலர்தான் சார் தெரியும். முதல்ல தண்ணிக்கு வழி விடணும்” என்றார். ஸ்பிரிங்கைச் சுழற்றி இழுத்தபோது வந்தது முடி. எண்ணெயும் சீயக்காயும் சோப்பும் ஊறி, எரிந்து கரிந்த விளக்குத் திரியைப் போல் முறுக்கிக்கொண்ட முடி. பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகுதான் கேமரா இறங்கியது. ஒன்பதாவது அடியில், முழங்கை வளைவின் ஓரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டடம் கட்டியபோது விழுந்து இறுகிப்போன சிமெண்ட் அது. வருகிற முடியெல்லாம் அதில்தான் சிக்குகிறது. ஒவ்வொரு சீசனிலும் அதே அறை அடைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

“கேமரா அடைப்பை எடுக்காது சார். எடுத்தது போதுமாங்கிறதைத்தான் சொல்லும்” என்றார் பிளம்பர். அடைப்பு எடுக்கிறவர் தண்ணீர் இறங்கியதும் கூலி வாங்கிக்கொண்டு போய்விடலாம். அந்தச் சிமெண்ட் திட்டைத் தேடிப் போகிறவரைத்தான் நான் தொழில்காரர் என்பேன்.

குற்றாலத்து எண்ணெயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அருவிகளில் எண்ணெய், சோப்பு, சீயக்காய், ஷாம்பு தேய்த்துக் குளிக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. தண்ணீருக்கும் மலைக்கும் நல்ல உத்தரவு. ஆனால் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எண்ணெய்க் குளியலை விடுவதாக இல்லை. உடம்பெல்லாம் தேய்த்து ஊறவைத்துவிட்டு அறையிலேயே கழுவுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். சாரல் விழும் இரவுகளில் அது குழாயின் உட்சுவரில் படிந்து, அடுத்து வரும் முடியைப் பிடித்துக்கொள்கிறது. சல்லடையை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவினாலே பாதி அடைப்பு வராது. சீசனில் அறை காலியாவதே இல்லை என்பதால் அதை யாரும் செய்வதில்லை.

இலஞ்சியில் பார்த்தது வேறு வகை. வயலாக இருந்த இடத்தில் மண்ணடித்துக் கட்டிய வீடு. தனியாக இருக்கும் ஆச்சி ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை தரையை உடைத்துப் பார்த்துவிட்டார். “ஒவ்வொருத்தன் ஒண்ணொண்ணு சொல்லுதான். எவன் சொல்லுதது நெசம்னு நான் எங்க கண்டேன்?” என்றார். வெயிலில் திரை தெரியாது என்பதால் பையன் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, குழாய்கள் சேரும் சேம்பர் குழியின் பக்கத்தில் உட்கார்ந்தான். கேமரா நகர்ந்தது. பதினான்காவது அடி வரை குழாயின் அடியில் மெல்லிய நீர்க்கோடு. அப்புறம் தண்ணீர் ஏறி ஏறி லென்ஸை மூடியது. பத்தொன்பதாவது அடியில் மறுபடியும் வெளியே வந்தது. பிளம்பர் போனை ஆச்சியிடம் நீட்டினார். “இந்தா பாருங்க ஆச்சி, இந்த இடத்துல தண்ணி நிக்குல்லா? மண்ணு இறங்கி குழாயும் கூடவே இறங்கிட்டு. வாட்டம் போச்சு.”

நாலங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி வாட்டம், அதாவது சரிவு, வேண்டும் என்பது கணக்கு. வயல் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் அடித்த புது மண் அமர்வதற்குச் சில மழைக்காலம் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் குழாயைப் பதித்தால், பதிக்கும்போது ரசமட்டத்தில் சரியாக இருந்த வாட்டம் பின்னால் நிற்பதில்லை. ஆச்சி படத்தைத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “அப்போ இந்த அஞ்சடியை மட்டும் உடைச்சாப் போதுமாய்யா?” என்று கேட்டார். போதும்.

இந்தக் கேமராவினால் வந்த பெரிய மாற்றமாக எனக்குப் படுவது இதுதான். குழாய்க்காரரின் சொல்லுக்கு இதுவரை சாட்சி கிடையாது. அடைப்பு இங்கேதான் என்று அவர் அனுபவத்தில் சொன்னாலும், வேலையை இழுத்தடிக்கப் பார்க்கிறார் என்றுதான் வீட்டுக்காரர் நினைப்பார். இப்போது இருவரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் கூலி விஷயத்தில் மட்டும் இன்னும் நியாயம் வரவில்லை. உடைத்தால் கூலி உண்டு. பார்த்துச் சொன்னதற்கு, “சும்மா பாத்ததுக்கா காசு?” என்கிறார்கள். பதினைந்தடித் தரையை உடைக்காமல் காப்பாற்றியது அந்தப் பார்வைதான். மருத்துவர் பார்த்துச் சொல்வதற்குப் பணம் கொடுக்கிறோம். இவருக்கும் கொடுக்க வேண்டும்.

படத்தைப் படிப்பதற்குப் பழக்கம் வேண்டும். தென்காசிக் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெரு ஒன்றில், ஒரு வீட்டுக் குழாய்க்குள் வெள்ளையாகத் தொங்கிய எதையோ பார்த்துப் பையன் துணி என்றான். பிளம்பர் உடனே, “தென்னை வேரு” என்றார். அந்த வீட்டில் இருப்பது சுட்ட களிமண்ணில் செய்த பழைய ஸ்டோன்வேர் குழாய். இரண்டு மூன்று அடிக்கு ஓர் இணைப்பு. பிவிசி குழாய் பத்தடி, இருபதடி நீளத்தில் வருவதால் இணைப்புகள் குறைவு. களிமண் குழாயின் இணைப்பில் பூசிய சிமெண்ட் விரிந்தால் போதும், ஈரம் தேடி வரும் தென்னையின் சல்லி வேர் உள்ளே நுழைந்துவிடும். பிறகு அது குழாய்க்குள்ளேயே பரவும். தென்னை நின்றது பக்கத்து வீட்டில். அன்று சாயங்காலம் இரண்டு வீட்டாரும் அந்தப் படத்தை வைத்துப் பேசி முடித்தார்கள்.

செப்டிக் டேங்க் லாரியில் வேலை செய்யும் பெரியவர் ஒருவரையும் சந்தித்தேன். முன்பு தொட்டிக்குள் இறங்கியவர். அந்த வேலைக்கு எந்தத் தெருக்காரர்களைக் கூப்பிட்டார்கள், ஏன் அவர்களை மட்டும் கூப்பிட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும். “தீக்குச்சி கிழிச்சுப் போடுவோம். அணையலைன்னா இறங்குவோம்” என்றார். கேட்கவே பதறுகிறது. தொட்டியில் இருக்கும் மீத்தேன் தீக்குச்சிக்கே வெடிக்கக்கூடியது. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். காற்று சுத்தமாகிவிட்டது என்று நம்பி இறங்குகிறவர் அடுத்த மூச்சிலேயே சரிந்துவிடலாம்.

இன்று அவர் மேலே நிற்கிறார். தொட்டிக்கு வரும் குழாயில் அடைப்பா, தொட்டியே நிறைந்துவிட்டதா என்பதைச் சேம்பர் வழியாகக் கேமரா விட்டுப் பையன் சொல்லிவிடுகிறான். கேரளத்தின் ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் ஆள்நுழைவுக் குழிகளைச் சுத்தம் செய்ய பேண்டிகூட் இயந்திரத்தைச் செய்திருக்கிறது. சென்னை ஐஐடி, செப்டிக் டேங்குக்காக ஹோமோசெப் இயந்திரத்தைச் செய்திருக்கிறது. தென்காசியின் குறுகலான சந்துகளுக்கு அவை என்றைக்கு வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே ஆயிரம் ரூபாய்க் கேமராவும் உறிஞ்சும் லாரியும் இருந்தாலே, மனிதர் இறங்க வேண்டிய காரணம் எதுவும் மிச்சமில்லை.

வீடு கட்டுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். குழாயைப் பதித்து மண் மூடுவதற்கு முன்பு, பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அழகுக்காகச் சேம்பர் மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். நான் போன வீடுகளில் பாதி நேரம் கேமராவை விட வழி தேடுவதிலேயே கழிந்தது. செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரியைக் கூப்பிட 14420 என்ற எண் இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இறக்கச் சொன்னவர் வீட்டுக்காரராக இருந்தாலும் சட்டம் அவரை விடாது.