எழுதி முடியாத எழுத்து

ஏடெழுதியவர்களின் காலத்தில் எழுத்தாணி ஓய்ந்த இடத்தில் எழுத்தும் முடிந்தது. கணினியின் வழக்கு வேறு. சர்வர் என்று நாம் அழைக்கும் வழங்கிகள் பலவற்றில், "எழுதிவிட்டேன்" என்று இயந்திரம் அறிவிக்கும் கணத்தில் அது உண்மையில் எழுதி முடித்திருப்பதில்லை.

இத்தகைய வழங்கிகளில் பல வன்தட்டுகளை ஒன்றாகப் பிணைத்து ஆளும் ரெய்டு அட்டை ஒன்று இருக்கும். வருவதை அது முதலில் தன் சிறு நினைவகத்தில் வாங்கிக்கொள்கிறது. பிறகுதான் தட்டுகளில் பொறிக்கிறது. இடையில் மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருந்தது இருந்த சுவடின்றிப் போகும். அதைக் காப்பதற்கென்றே அட்டையோடு ஒரு லித்தியம் அயனி மின்கலம் இணைக்கப்பட்டிருக்கிறது. பல தயாரிப்புகளில் 72 மணிநேரம் வரை அது தாங்கும் என்பார்கள்.

எங்கள் துறையின் வழங்கியில், மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று ஒலிப்பதிவு செய்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் இருக்கின்றன. பாடிய மூதாட்டிகளில் பலர் இன்று இல்லை. சென்ற ஆண்டு அவ்வழங்கி திடீரென்று மந்தமாயிற்று. பார்த்தபோது மின்கலம் செயலிழந்திருந்தது. காவல் இல்லை என்று அறிந்ததும் அட்டை தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டு, தட்டில் பொறித்த பிறகே "எழுதிவிட்டேன்" என்று சொல்லத் தொடங்கியிருந்தது. நாங்கள் பழுது என்று எண்ணிய மந்தம் அதன் நேர்மை.

"பேட்டரி இல்லாமலே பழைய வேகத்தில் ஓட வைத்துவிடலாம் சார், ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும்" என்றார் பழுதுபார்க்க வந்த இளைஞர். யுபிஎஸ் இருக்கிறதே என்பது அவர் வாதம். யுபிஎஸ்ஸும் ஒருநாள் கைவிடும் என்பதனால்தானே உள்ளே இன்னொரு மின்கலத்தை வைத்தார்கள்? நாங்கள் இசையவில்லை. புதியது வரும்வரை மந்தத்தையே ஏற்றுக்கொண்டோம்.

மாற்றும் வேலை சிறிதுதான். அதன் வரிசைதான் முக்கியம். முதலில் அனைத்தையும் வேறிடத்தில் படியெடுத்து, அப்படியிலிருந்தே சில பாடல்களைக் கேட்டுப் பார்த்தோம். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களைப் பற்றி உ.வே.சா. தம் 'என் சரித்திர'த்தில் எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்கு, படியெடுக்காமல் எதிலும் கைவைக்க மனம் வராது.

அடுத்து வழங்கியை முறைப்படி நிறுத்தினோம். அப்போது அட்டை தன்னிடம் மிஞ்சியதைத் தட்டுகளில் பொறித்துவிடும். மின்சாரம் போய்ப் பாதியில் நின்ற இயந்திரத்தின் நிலை அதுவன்று. அதில் மின்கலத்தைக் கழற்றினால் பொறிக்கப்படாமல் காத்திருப்பது அத்தோடு தொலைந்துபோகும். பின்னர் இரண்டு மின்கம்பிகளையும் பிடுங்கி, எஞ்சிய மின்சாரம் வடிய இயக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தினோம். நிலைமின்சாரம் அட்டையைத் தாக்காதிருக்க மணிக்கட்டில் பட்டை அணிந்துதான் மூடியைத் திறந்தோம்.

பழைய கலம் சற்றே ஊதியிருந்தது. ஊதியதை அழுத்தவோ வளைக்கவோ நெம்பவோ கூடாது. உள்ளே கிழிந்தால் தீப்பற்றும். கம்பியை இழுக்காமல் இணைப்பியின் உடலைப் பற்றி மெல்லக் கழற்றினோம். புதிய கலத்தின் பாக எண்ணை அட்டையின் மாதிரியோடு ஒப்பிட்டபின் பொருத்தினோம். கழற்றியதன் முனைகளில் நாடா ஒட்டித் தனியே எடுத்துவைத்தோம். அது குப்பைத்தொட்டிக்கு உரியதன்று. பயன்தீர்ந்த மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் விதிகள் உற்பத்தியாளர்மேல் சுமத்துகின்றன.

மூடியை இட்டதும் வேகம் திரும்பிவிடவில்லை. புதிய கலம் மின்னேறச் சில மணிநேரம் பிடித்தது. அதுவரை அட்டை பழையபடி மெல்லவே எழுதியது. மறுநாள் காலை, எவரும் தொடாமலே, தன் வேகத்துக்கு மீண்டிருந்தது.

இன்றைய அட்டைகள் பலவற்றில் மின்தேக்கியும் ஃபிளாஷ் நினைவகமும் இவ்வேலையைச் செய்கின்றன. அவையும் மூப்படைவனவே. சுவடிப் படிமங்களையோ ஒலிப்பதிவுகளையோ காத்துவரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வழங்கியின் மின்கலம் எந்த ஆண்டில் பொருத்தப்பட்டது என்று இந்த வாரமே கேட்டறியுங்கள். பாடியவர்களைத் தேடி மீண்டும் ஒருமுறை ஊருக்குப் போக முடியாது.