தலைநகரில் ரெண்டு நாள்... நடை சாத்தியாச்சு!

காஞ்சிபுரம் பல்லவர்களின் தலைநகரம். 7-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து யுவான் சுவாங் வந்து பார்த்துவிட்டுப் போன ஊர். இன்றைக்குச் சென்னைக்காரர்களுக்கு அது வார இறுதித் தலைநகரம். ‘75 கிலோமீட்டர்தானே, ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்’ என்று கிளம்புவார்கள். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுவதற்குள்ளேயே அந்த ரெண்டு மணி நேரம் தீர்ந்திருக்கும்!

அப்படிக் கிளம்பிய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாவின் செல்போனில் பட்டியல் ரெடி. சனிக்கிழமை ஏகாம்பரநாதர், காமாட்சி, கைலாசநாதர். ஞாயிற்றுக்கிழமை வரதராஜர், வைகுண்டப் பெருமாள். அம்மாவின் மனதில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்... பட்டுப்புடவை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பாட்டிக்கு உட்கார இடம் கிடைத்தால் போதும். பத்து வயதுப் பையனுக்கு இட்லி.

முதலில் ஏகாம்பரநாதர். 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய 59 மீட்டர் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்ததில் அப்பாவுக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது. உள்ளே தல விருட்சம் மாமரம்.

“நாலு கிளையும் நாலு வேதம். ஒவ்வொரு கிளையிலயும் ஒவ்வொரு சுவைன்னு சொல்வாங்க” என்கிறார் பாட்டி.

“அப்போ புளிக்கிற கிளை எந்த வேதம் பாட்டி?”

பாட்டி வேகமாக அடுத்த சந்நிதிக்கு நடக்கிறார்.

காமாட்சி அம்மன் கோயிலை அடையும்போது மணி பன்னிரண்டரையைத் தாண்டிவிட்டது. “நடை சாத்தியாச்சு. நாலு மணிக்கு மேல வாங்க.” காஞ்சிக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் வாக்கியம் இதுதான். இங்கே மதியத்தில் கோயில்கள் மூடியிருக்கும். புடவைக் கடைகள் மூடாது.

“நாலு மணி வரைக்கும் என்ன சார் பண்ணப்போறீங்க? வாங்க, சும்மா புடவை பாருங்க. வாங்கணும்னு இல்ல” என்கிறார் ஆட்டோக்காரர். அம்மா ஏற்கெனவே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாயிற்று.

காந்தி ரோட்டில் ஒரு கடை. பாட்டிக்கு இன்றைய நாளின் முதல் நல்ல இருக்கை, மெத்தை விரிப்பு. கடைக்காரர் நாற்பது புடவை விரித்துவிட்டார். அம்மா முதலில் பார்த்ததையே மறுபடி கேட்கிறார். அப்பா செல்போனைத் திறக்கிறார். பட்டியலுக்காக இல்லை, கால்குலேட்டருக்காக.

மகளுக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஒரே மாதிரி இரண்டு புடவைகள். ஒன்றைவிட மற்றது மூன்று மடங்கு விலை. “என்ன வித்தியாசம்ணா?” என்று கேட்டால், “ரெண்டுமே காஞ்சிபுரம்தாம்மா” என்கிறார் கடைக்காரர். “அப்போ தறியையே பார்த்துட்டு வந்துடலாம்” என்று மகள் எழுந்துவிட்டாள்.

பிள்ளையார்பாளையம். தெருவில் நடக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம். ஒரு வீட்டில் குழித்தறியில் கணவர், அவர் பக்கத்தில் மனைவி. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. உடலும் கரையும் சேரும் இடத்தில் ஒவ்வொரு ஊடைக்கும் நூலோடு நூலைக் கோக்கிறார்கள். அதுதான் கோர்வை. கரை பிய்ந்து தனியாக வராது.

“ஒரு புடவைக்கு எத்தனை நாள் ஆகும்க்கா?”

“டிசைனைப் பொறுத்தது பாப்பா. கோர்வைன்னா பதினஞ்சு, இருபது நாள் ஆயிடும். ஒருத்தரால முடியாது, பக்கத்துல ஆள் வேணும். முன்னாடி சின்னப் பசங்களை உட்கார வெச்சாங்க. இப்போ எல்லாரும் பள்ளிக்கூடம் போறாங்க. நல்லதுதான். ஆனா ஆள் கிடைக்கலைன்னா கோர்வை இல்ல. அதான் நிறைய பேர் சாதாரணப் புடவைக்கு மாறிட்டாங்க.”

“உங்க பையன்?”

“ஸ்ரீபெரும்புதூர்ல செல்போன் கம்பெனில இருக்கான். உங்க அப்பா போன்லகூட அவன் கை பட்டிருக்கும்!”

அப்பா போனை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். கால்குலேட்டர் இன்னும் திறந்தே இருக்கிறது. மூடிவிடுகிறார்.

மாலையில் கைலாசநாதர் கோயில். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. சுற்றிலும் 58 சின்னஞ்சிறு சந்நிதிகள். கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான வழி. தவழ்ந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. அப்பா உள்ளே போனார். பாதியில் நின்றார். “அப்பா, மறுபிறவி இருந்தா பரவால்ல, வெளியே வாங்க” என்று பையன் குரல் கொடுக்கிறான்.

ஞாயிறு காலை வரதராஜப் பெருமாள் கோயில். நூற்றுக்கால் மண்டபத்தில் கல் சங்கிலி, உள்ளே தங்கப் பல்லி. அத்தி வரதரை 1979-லும் 2019-லும் பார்த்தவர் பாட்டி. “அடுத்தது 2059. நீதான்டா என்னைக் கூட்டிட்டு வரணும்” என்கிறார். பையனின் கவனம் முழுக்க இட்லியில். மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மூங்கில் குடலையில் வேகவைத்தது. “இது இட்லியா, கேக்கா?” என்றபடி மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டுகிறான்.

பிறகு கூட்டுறவு சங்கத்தின் கடை. மகள் புடவையை முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறாள். உடலும் கரையும் சேரும் இடத்தில் நூல் கோத்த தடம் இருக்கிறதா, சில்க் மார்க் இருக்கிறதா, ரசீதில் கைத்தறி, ஜரிகை விவரம் உண்டா? காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதே இந்தப் பெயரைக் காப்பாற்றத்தானே! நினைத்ததைவிட விலை அதிகம். கேட்ட விலையில் பேரம் பேசாமல் அப்பா பணம் கட்டியதைப் பார்த்து அம்மாவுக்கே ஆச்சரியம்.

பட்டியலில் மிச்சம் வைகுண்டப் பெருமாள். பல்லவ வம்சத்தின் கதையையே சுற்றுச்சுவரில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கும் கோயில். குடும்பம் வாசலை அடைந்தபோது மணி பன்னிரண்டே கால். பூக்கார அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நடை சாத்தியாச்சு!”

நீங்கள் போவதாக இருந்தால் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். மதியத்தைத் தறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தால், கடையில் நாற்பது புடவை விரிக்கச் சொல்ல மனசு வராது.