கை தந்த பாடம்



வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். "ஐயா, உங்கள் கைச்சதை ஆடுகிறது!" என்றான் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று மாலையே உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன்.

மேற்கையின் பருமனில் பெரும்பங்கு பின்புறமுள்ள டிரைசெப்ஸ் என்னும் முத்தலைத் தசைக்கே உரியது. மடக்கிய முழங்கையை நீட்டுவது அதன் வேலை. அதன் மூன்று தலைகளுள் நீண்ட தலை தோள்பட்டை எலும்பில் தொடங்குகிறது. ஆகவே, டம்பெல்லைத் தலைக்குமேல் உயர்த்தி, முழங்கையை மடக்கி நீட்டும்போது அது நன்கு இழுபட்டு உழைக்கிறது.

இரண்டாம் வாரமே 5 கிலோவிலிருந்து 12 கிலோவுக்குத் தாவினேன். முழங்கை வலியெடுத்து, மூன்று வாரம் பலகையில் எழுத இயலவில்லை. தசை விரைவில் வலுப்பெறும். அதனை எலும்புடன் பிணைக்கும் தசைநாண் மெதுவாகவே வலுப்பெறும் என்பதைப் பிறகே அறிந்தேன்.

இப்பொழுது வாரம் இருமுறை, 12 தடவை வீதம் மூன்று சுற்று. அது எளிதான பின்னரே அரைக்கிலோ கூட்டுகிறேன்.

என் கையைப் பார்த்துச் சிரித்த அம்மாணவன் இன்னும் எழுத்துக் கூட்டியே வாசிப்பவன். அவனிடம் நாள்தோறும் முழுப் பத்தியை நீட்டி அவசரப்படுத்தியவன் நான். இப்பொழுது இரண்டு வரிகள் மட்டுமே தருகிறேன். சென்ற வாரம் மூன்றாம் வரியை அவனே கேட்டான்.