துரியனும் ஒரு வரமும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் கல்லாறு இருக்கிறது. அதற்கு மேலே பர்லியார். இரண்டு இடத்திலும் அரசாங்கப் பழப்பண்ணைகள். பர்லியார்ப் பண்ணை 1871-ல் ஏற்பட்டது, கல்லாறு 1900-ல். மங்குஸ்தான், ரம்புட்டான் என்று கடல் கடந்து வந்த மரங்கள் அங்கே பிறந்த வீட்டில் நிற்பதுபோல் நிற்கின்றன. அவற்றில் துரியனுக்கு மட்டும் ஒரு தனி மவுசு உண்டு. அதைத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள்.

சென்ற வருஷம் ஜூலை மாதம் என் நண்பர் ஒருவரும் அவர் மனைவியும் அந்தப் பழத்துக்காகவே புறப்பட்டார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். துணைக்கு என்னையும் அழைத்தார்கள். எழுதுகிறவனுக்கு வேறு வேலை கிடையாது என்பது நண்பர்களின் அபிப்பிராயம்!

பர்லியாரில் சாலையோரக் கடை ஒன்றில் பழம் கிடைத்தது. பார்வைக்குப் பலாவின் தம்பி. ஆனால் தம்பிக்குக் கோபம் அதிகம். கையில் எடுத்தால் குத்துகிறது. மலாய் மொழியில் 'துரி' என்றாலே முள்தான். கடைக்காரர் அதைப் பிளந்ததும் வாசனை கிளம்பியது. பாலேட்டில் அழுகிய வெங்காயத்தைப் பிசைந்த மாதிரி இருந்தது. பழத்திலுள்ள கந்தகச் சத்தின் வேலை அது. சிங்கப்பூர் ரயிலில் இந்தப் பழத்தை எடுத்துச் செல்லத் தடை இருக்கிறதென்றால் காரணம் இதுதான்.

நண்பர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எனக்குக் குமட்டுது. நீ சாப்பிடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் காரருகே போய் நின்றார்.

அந்தப் பெண் ஒவ்வொரு சுளையாக எடுத்து விழுங்கினாள். கண்ணில் நீர் தளும்பியது.

"கஷ்டமாக இருந்தால் விட்டுவிடேன், அம்மா" என்றேன்.

"மருந்துன்னு நினைச்சுக்கிட்டா ஒண்ணும் தெரியாதுங்கண்ணா" என்றாள்.

மருந்தா அது? நல்ல உணவு என்பதில் சந்தேகமில்லை. நூறு கிராம் சுளையில் ஏறக்குறைய 147 கலோரி இருக்கிறது. நார்ச்சத்து, பொட்டாசியம், வைட்டமின் சி, தயமின் எல்லாம் இருக்கின்றன. சர்க்கரை வியாதிக்காரர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆனால் அதைத் தின்றால் கரு நிற்கும் என்பதற்கு மருத்துவ நிரூபணம் கிடையாது.

திரும்பும்போது, அவள் தண்ணீர் வாங்கப் போயிருந்த நேரத்தில், நண்பரைக் கேட்டேன்:

"டாக்டரிடம் காட்டினீர்களா?"

"அவளை மூணு இடத்துல காட்டியாச்சு."

"உங்களை?"

"எனக்கென்னங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

உலகத்தில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு சமயமாவது பிள்ளைப்பேற்றில் சிரமப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் கலந்திருக்கிறது. புருஷனுக்கான முதல் பரிசோதனையில் ஊசி இல்லை, கத்தி இல்லை. வெட்கம் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். நெடுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த வாரம் போறேன்" என்றார்.

அவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"ரெண்டு சுளை எடுத்து வெச்சிருக்கேனுங்கண்ணா. புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேருமே சாப்பிடணுமாம். கடைக்காரர் சொன்னார்" என்றாள் தயங்கியபடி.

அந்தக் கடைக்காரர் மருத்துவம் படித்தவரல்ல. ஆனாலும் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. நண்பர் பதில் பேசாமல் காரின் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார்.

இந்த வருஷமும் துரியன் காலம் வந்துவிட்டது. முந்தாநாள் அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள்: "அண்ணா, பர்லியார்ல பழம் வந்திருக்குமுங்களா?"

நண்பரிடம் கொடுக்கச் சொன்னேன். பரிசோதனை என்னவாயிற்று என்று கேட்டேன்.

"அடுத்த வாரம்" என்றார்.