கைப்பிடிச் சுவர்

பத்மநாபபுரத்திற்கு வருவோரை முதலில் எதிர்கொள்வது கருங்கற் கோட்டைச் சுவரே. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய இவ்வூரில், பகைவரைத் தடுத்து நிறுத்த எழுப்பப்பட்டது அச்சுவர். இன்று அதன் நிழலில் புத்தகப் பையுடன் நடந்து செல்லும் நம் சிறார்க்குப் பகை கோட்டைக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. மழையில் பாசி படிந்த படிக்கட்டிலும், சாய்ந்து நிற்கும் மதிலிலும், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியிலும், தோல் உரிந்த மின்கம்பியிலும் அது பள்ளிக்குள்ளேயே காத்திருக்கக் கூடும்.

பள்ளியில் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால், "எல்லாம் கடவுள் சித்தம்" என்கிறோம். பிள்ளையை இழந்த தாய் கண்ணீரோடு அவ்வாறு கூறினால் அது விசுவாசம். ஆயின், படிக்கட்டைப் பழுது பார்க்க வேண்டியவர்கள் அவ்வாறு கூறினால் அது விசுவாசமாகுமா? நம் கவனக்குறைவை ஆண்டவர் தலையில் சுமத்துவதன்றோ அது!

திருநூல் இதனை ஐயத்திற்கிடமின்றித் தெளிவுபடுத்துகிறது. புது வீடு கட்டுகிறவன் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லையேல், அங்கிருந்து ஒருவர் விழுந்து மாண்டால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரத்தில் காணும் கட்டளை. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்குமாறும், வானதூதர் தாங்கிக்கொள்வர் என்றும் சொன்னவன் அலகை. இறைவனைச் சோதித்தல் ஆகாது என மறுத்தவர் நம் ஆண்டவர். எனவே, படிக்கட்டைச் செப்பனிடாமல் காவல் தூதரை மட்டும் நம்பியிருத்தல் பக்தி ஆகாது.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாளை நாம் மறத்தல் இயலுமா? கும்பகோணம் காசிராமன் தெருவிலிருந்த பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவிற்று. மாடியிலிருந்த சிறுவர் இறங்கி வர வழி குறுகலாயிருந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். தீ ஒரு நொடியில் பற்றியிருக்கலாம். ஆனால் கீற்றுக்கூரையும் குறுகிய வழியும் ஒரு நொடியில் வந்தவை அல்ல. நாள்தோறும் பலர் கண்முன் இருந்தவையே அவை. அத்துயரத்தைத் தொடர்ந்து எழுந்த வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் பயில்வது குழந்தையின் அடிப்படை உரிமை என 2009 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயணைப்புக் கருவிகளைப் பள்ளியில் வைக்கவும், அவற்றைக் கையாள ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கவும் ஆணையிட்டது.

நமக்கு இன்னும் அருகில், திருநெல்வேலியில், 2021 டிசம்பர் 17 அன்று கிறிஸ்தவப் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மாணவர் மூவர் இறந்தனர். கிறிஸ்துவின் பெயரால் நடப்பதென்பது எப்பள்ளிக்கும் காப்பாகிவிடாது. வாயிலில் பொறித்த சிலுவை பழுதான சுவரைத் தாங்கி நிற்பதில்லை. நம் மாவட்டத்தில் எத்தனையோ பள்ளிகள் திருச்சபையின் பொறுப்பில் இயங்குகின்றன. ஆகவே இக்கேள்வி பிறரை நோக்கியதன்று; நம்மை நோக்கியது.

தக்கலைப் பக்கத்திலுள்ள ஒரு தாய் நம்மிடம் மனம் திறந்து சொன்னார்: "மதில் விரிந்து நிற்பது தினமும் கண்ணில் படுகிறது. ஆனால் அது ஃபாதர் நடத்தும் பள்ளி. எப்படிப் போய்ச் சொல்வது? பிள்ளையின்மேல் கோபம் வந்துவிட்டால்?" இந்த அச்சம் பல பெற்றோர் உள்ளத்தில் இருக்கிறது. இதனை நீக்க வேண்டியவர்கள் பெற்றோர் மட்டுமல்லர். தாளாளர்களும் தலைமையாசிரியர்களுமே முன்வந்து, "குறை கண்டால் கூறுங்கள்" என அழைக்க வேண்டும். குறை கூறும் தாய் பள்ளியின் பகைவர் அல்லர். அதன் முதல் காவலர்.

பெருஞ்செலவு பிடிக்காத பணிகளே பல. வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில் 2019 நவம்பரில் வகுப்பறைத் தரையின் பொந்திலிருந்த பாம்பு தீண்டி, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதில் நேர்ந்த தாமதமும் அன்று பேசப்பட்டது. பொந்தை அடைக்க ஒரு சட்டி சிமெண்டுக் கலவை போதுமே! ரப்பர்த் தோட்டங்களும் குளங்களும் கால்வாய்களும் சூழ்ந்த நம் ஊர்களில் இது தொலைதூரச் செய்தி அன்று. மழைக்காலத்திற்கு முன் ஒருநாள் பள்ளியைச் சுற்றி வந்து சுவர், கூரை, கிணறு, தொட்டி, மின்கம்பி அனைத்தையும் பார்க்கலாம். முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதியாகாமல் உள்ளதா எனப் பார்க்கலாம். பாம்பு கடித்தால் கட்டுப்போட்டுக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதை ஆசிரியர் யாவரும் அறிந்திருக்க வேண்டும். நம் அன்பியங்களில் கொத்தனாரும் மின்பணியாளரும் செவிலியரும் இல்லையா? அவர்களின் ஒருநாள் உழைப்பு பள்ளிக்குச் சிறந்த காணிக்கையாகும்.

இளைஞரின் தந்தையாகிய புனித தொன் போஸ்கோ தம் கல்வி முறைக்கு முன்தடுப்பு முறை எனப் பெயரிட்டார். தவறு நேர்ந்தபின் தண்டிப்பதைவிட, நேராதபடி மாணவரிடையே உடனிருப்பதே ஆசிரியர் பணி என்றார். அவர் எண்ணியது ஆன்ம நலனை. எனினும் உடலின் நலனுக்கும் அதுவே வழி. இடைவேளையில் விளையாட்டுத் திடலிலும் படிக்கட்டருகிலும் ஓர் ஆசிரியர் நின்றாலே பல விபத்துகள் தவிரும்.

ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை அழைத்துச் சீடர் நடுவே நிறுத்தினார். அப்பிள்ளையை இன்று நம் பள்ளிகளில் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். அது நிற்கும் தரை உறுதியானதா என்று பார்ப்பது நம் கடமை.