கறிவேப்பிலைப் புழு

கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்த பின்னும், பாலர் பருவத்துப் பிள்ளையை வீட்டில் வைத்தே கற்பிக்க நம் நாட்டில் தடையில்லை. அத்துணிவில், நான்கு வயதுப் பேத்திக்குத் தமிழாசிரியராக உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் மீண்டும் பணியேற்றேன்.

பாடநூல், எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசிகொண்ட புழுவின் படக்கதை. வட்டார நூலகத்தில் இரவல் பெற்ற ஆங்கில நூலைத் தமிழில் சொன்னேன். திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் எனப் புழு தின்னத் தின்ன, நாங்களும் எண்ணி, நறுக்கி, உண்டோம். புதனன்று மூன்று பிளம். விலையைக் கேட்டு ரம்புத்தான் வாங்கினேன்.

“புழு சாப்பிடுது, தாத்தா.”

“சாப்பிடுகிறது” என்று திருத்தினேன். முப்பதாண்டுப் பழக்கம்! அதன்பின் அவள் என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசினாள். என் வகுப்புகளில் இப்படி எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்தேனோ என்று மூன்று நாள் உறக்கமில்லை.

நான்காம் நாள், தாழ்வாரத்துத் தொட்டியில் கறிவேப்பிலையைப் பச்சைப் புழுவொன்று தின்றுகொண்டிருந்தது. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பந்தானே. அக்குடும்பத்தை நாடும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. ரசத்துக்கு இலையில்லை என்று மனைவி முணுமுணுத்தாள். சில நாளில் அது ஒற்றைப் பட்டிழையால் தன்னைக் காம்போடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாயிற்று. கார்லின் புழுவோ தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. அது அந்துப்பூச்சிகள் பலவற்றின் வழக்கம்.

பேத்தி செடியையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“தாத்தா, இதுக்கு வீடே இல்ல. புத்தகம் தப்பாச் சொல்லுது.”

“ஆமாம்மா, தப்பாத்தான் சொல்லுது” என்றேன்.